பொட்டலில் இன்னும் சாம்பல் கிடக்கிறது

தம்பி,

நீ அனுப்பிய குரல் பதிவை உன் அம்மா போனை மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு, அடுப்படியில் நின்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். "கல்யாணம் முடிஞ்சா நான் திரும்பிப் போகலப்பா. இந்தப் பாலைவனச் சூடு தாங்க முடியல. நம்ம காணியிலயே தேயிலைய புதுசா நட்டு, ஓரத்துல மிளகு ஏத்திவிட்டு, குளுகுளுன்னு இருந்துர்றேன். நான் வர்றதுக்குள்ள காமன் மழை பிடிச்சிருக்கும்ல? கம்பளையில நாத்துமேடை வெச்சிருக்க நானாகிட்ட கன்னு சொல்லி வைங்க." இந்த இடம் வரும்போதெல்லாம் உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். போனில் பதில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், பிறகு நினைத்ததைச் செய்வாய். அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குப் படிப்பிக்கப் போகும் காலை ரயிலில், முழங்காலில் பையை வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடியிருந்தால் அது ரயிலின் குற்றம். சொல்லப்போகும் விஷயத்தில் எனக்கு ஆட்டம் எதுவும் இல்லை. வேலையை விடாதே. திரும்பி வந்து மண்ணில் கை வைக்காதே. காரணத்தைத்தான் இனி எழுதப் போகிறேன். உனக்கு மனைவியாக வரப்போகும் பிள்ளைக்கும் இதை வாசித்துக் காட்டு. அவள் கலகெதரக் கடைத்தெருவில் வளர்ந்தவள், எங்கள் தோட்டத்து வழக்கங்கள் தெரியாது. அவளுக்காகவே சில விஷயங்களைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மாசி மாதத்தில் நம் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுவார்கள். சிவன் மன்மதனை எரித்த கதை. அமாவாசை கழிந்ததும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்திலுள்ள பொட்டலில் வைக்கோல் சுற்றிய கம்பத்தை நட்டு, பௌர்ணமியை ஒட்டி ஒரு விடியற்காலையில் அதற்குத் தீ வைப்பார்கள். ரதி வேடம் போட்டவன் அழுது புரள்வான். எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான் இது. ஆனால் நம் தோட்டத்தில் ஒரு கட்டளை உண்டு. எரிந்த காமனின் சாம்பலை மனிதக் கை கூட்டக் கூடாது. மழைதான் அதை அள்ளிப் போக வேண்டும். அள்ளிப் போன மறுநாள் உரம் போடலாம், கன்று நடலாம், தண்ணீர் வடியக் கான் வெட்டலாம். அதுவரை மண்வெட்டியைத் தொடக்கூடாது. என் சிறுவயதில் அந்தச் சாம்பல் ஒரு கிழமை தாண்டிக் கிடந்து நான் கண்டதில்லை. ஒரு பிற்பகலில் நாவலப்பிட்டிப் பக்கத்து மலைக்குப் பின்னால் இடி உருளும், பொட்டலில் கறுப்பாக ஒரு வாய்க்கால் ஓடும், கங்காணி உரமூட்டையை அவிழ்க்கச் சொல்வார்.

பேராதனையில் புவியியல் படித்துவிட்டு வந்த புதிதில் இதையெல்லாம் பார்த்து நான் சிரித்தேன். தை, மாசி வறண்ட மாதங்கள். பங்குனியில் சூரியன் நம் தலைக்கு மேலே வருகிறது. நிலம் சூடேறி காற்று மேலெழுந்து பிற்பகலில் இடிமழை பெய்கிறது. அது இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மழை, காமனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று என் அண்ணனும் கூத்து மாஸ்டருமான உன் பெரியப்பாவிடம் படம் போட்டு விளக்கினேன். அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன்டா வாத்தியாரே, மழை வரும்னு நானும் சொல்றேன், நீயும் சொல்ற. நான் எட்டாம் வகுப்போட நின்னேன். நீ எதுக்கு இவ்வளவு தூரம் போயி படிச்ச?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கப் போவதுமில்லை. ஆனால் ஒன்றைக் கவனி. அன்று அவருடைய காமனும் என்னுடைய பாடப்புத்தகமும் ஒரே நாளைத்தான் காட்டின. எங்கள் இருவருக்கும் சண்டை போடும் வசதியைக் கொடுத்ததே சொன்ன நேரத்துக்கு வந்த மழைதான்.

நீ ரதி வேடம் போட்ட வருடம் உனக்கு நினைவிருக்கும். உன் அம்மாவின் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு, மீசை எட்டிப் பார்க்கும் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு அழுதாய். கம்பம் சாய்ந்ததும் மழை கொட்டியது. நீ நிஜமாகவே அழுகிறாய் என்று நினைத்துப் பெண்கள் உன்னைக் கட்டிப்பிடித்தார்கள். உன் அம்மா மட்டும், "எந்திரிடா, சேலை போச்சு!" என்று கத்தினாள். நீ இப்போது கட்டாரில், தோஹாவில் படுத்துக்கொண்டு நினைக்கிற ஊர் அந்த விடியற்காலைதான் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு விடியற்காலை அதற்குப் பிறகு வரவில்லை, தம்பி. நீ திரும்பி வர நினைக்கும் ஊர் இருக்கிறது, வீடு இருக்கிறது, கறி வைக்க அம்மா இருக்கிறாள். நீ நம்பியிருக்கும் வானம் மட்டும் இல்லை.

உன் உயர்தரப் பரீட்சை முடிந்த வருடம் காணியின் ஒரு பக்கத்துக் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று நட்டோமே, அதைச் சொல்கிறேன். காமன் எரிந்த மறுநாளே நல்ல மழை. சாம்பல் போய்விட்டது. உன் பெரியப்பா பொட்டலில் நின்று, "நட்டுருங்கடா!" என்று உத்தரவு கொடுத்தார். நானும் ஆமோதித்தேன். என் கணக்கிலும் அது சரியாக இருந்தது. சித்தப்பா பிள்ளைகள், பக்கத்து லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்து குழி தோண்டி நட்டோம். உன் உள்ளங்கை கொப்புளித்துப் போனது. அதோடு மழை நின்றது. பங்குனி முழுக்க வானம் பீங்கான் போல வெளுத்துக் கிடந்தது. நீயும் நானும் ஓடையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினோம். கன்று ஒவ்வொன்றாக நுனியில் கருகி, பிறகு முழுதாகச் சுருண்டது. உயிர் பிடித்து நின்ற கொஞ்சத்தையும் சித்திரையில் ஒரு பிற்பகல் வந்து முடித்தது. ஒரு பருவத்து மழை முழுவதும் அந்த ஒரு பிற்பகலில் பெய்தது. நாம் வெட்டிய கான் எது, பாதை எது என்று தெரியவில்லை. மேல்மண் சிவப்பாகக் கரைந்து ஓடைக்குப் போனது. கன்றுகளும் வேரோடு போயின. மறுநாள் நீ பாலத்தடியில் இறங்கி, கல்லிடுக்கில் மாட்டியிருந்த கன்றுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாய். "கழுவி நட்டா பிடிக்கும்ப்பா" என்றாய். அதற்கு அடுத்த வருடம்தான் நீ கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தாய்.

நீ போன பிறகு நான் விட்டேனா? காமனை நம்பினால் இப்படித்தான், விஞ்ஞானத்தை நம்புவோம் என்று, வைகாசிக் கடைசியில் தென்மேல் பருவக்காற்றுக்காகக் காத்திருந்து நட்டேன். காற்று மட்டும் வந்தது. நாவலப்பிட்டி என்றால் மழைக்குப் பேர் போன இடம் என்று நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற அதே நாவலப்பிட்டியில், ஆனி மாதத்தில் பிள்ளைகள் குடையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். பிறகு ஆடியில் மூன்று நாள் விடாமல் ஊற்றி, மண்சரிவு வருமென்று எச்சரிக்கை கொடுத்து, லயத்து ஜனங்களைக் கோயில் மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். உன் பெரியப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது, "என்ன வாத்தியாரே, உங்க காத்து வந்திருச்சு போல" என்றார். கையில் பாய் இருக்கும்போதும் அவருக்குக் குத்திக்காட்டத் தெரியும்.

அதன் பிறகு கண்டியில் சிறுதோட்டக்காரர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். குளிரூட்டிய மண்டபம், தேநீர், மீன் அடைத்த மாலுபாண். இளம் அதிகாரி ஒருவர் திரையில் கோடுகளைக் காட்டினார். பல்லாண்டு மழையின் கோடு அது. வருடத்து மொத்த மழையைப் பார்த்தால் பயப்படும்படி எதுவும் இல்லை, கொஞ்சம் ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது, சராசரி சராசரிதான் என்றார். என்னால் வாயைக் கட்ட முடியவில்லை. வருடம் முழுக்கப் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டுத் தீபாவளியன்று ஒரு அண்டா சோற்றை வாயில் திணித்தால், சராசரியில் அந்தப் பிள்ளை நன்றாகத்தானே சாப்பிட்டிருக்கும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, பாவம். மழை பெய்கிற நாட்கள் குறைகின்றன, பெய்கிற நாளில் அதிகமாகப் பெய்கிறது, வறண்ட நாட்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீள்கின்றன என்று அடுத்த கோட்டையும் காட்டினார். பின்வரிசையிலிருந்து உன் பெரியப்பா எழுந்து, "அப்ப எப்ப நடுறதுங்க மாத்தியா?" என்று, துரையைக் கூப்பிடுகிற மரியாதையோடு கேட்டார். "மழை வந்த பிறகு நடுங்கள்" என்றார் அதிகாரி. மண்டபமே சிரித்தது. நானும் உன் பெரியப்பாவும் ஒரே விஷயத்துக்காகச் சேர்ந்து சிரித்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். பஸ்ஸில் தனித்தனி சீட்டில்தான் திரும்பினோம்.

சூட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். இங்கே குளுகுளுவென்று இருக்கலாம் என்கிறாய். உன் தாத்தாவின் கம்பளி இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. தோட்டத்தில் கொடுத்த கறுப்புக் கம்பளி. நான் படிக்கிற காலத்தில் மார்கழி, தையில் அதில்லாமல் தூங்க முடியாது. போன தை மாதம் உன் அம்மா அதை வெயிலில் போட எடுத்தபோது, "இதை எவனாச்சும் கேட்டா குடுத்துரலாம்" என்றாள். நம் வீட்டில் இப்போது மின்விசிறி இருக்கிறது, தெரியுமா? உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மலையில் வீடு கட்டி வைத்துக்கொண்டு விசிறிக்குக் கீழே படுப்பது, ஆற்றங்கரையில் இருந்துகொண்டு போத்தல் தண்ணீர் வாங்குவது மாதிரி. அதையும்தான் செய்கிறோம். பகல் வெயிலை எல்லாரும் பேசுகிறார்கள். நான் பயப்படுவது இரவைப் பார்த்து. பகல் எவ்வளவு காய்ந்தாலும் இரவில் மலை தன்னை ஆற்றிக்கொள்ளும். இலை மூச்சு விடும், பனி இறங்கும், காலையில் கொழுந்து நிமிர்ந்து நிற்கும். இப்போது இரவு ஆறுவதில்லை. உன் வருங்கால மாமனாரைக் கேட்டுப்பார். கலகெதரையில் அவர் கடைக்குக் கராம்பு கொண்டுவருகிற கிராமத்து ஆட்கள், மரம் செழிப்பாக நிற்கிறது, மொட்டுத்தான் வைக்கவில்லை என்று கையை விரிக்கிறார்களாம். வறண்டு குளிர வேண்டிய மாதத்தில் வறளாமலும் குளிராமலும் போனால் மரத்துக்கு எது பூக்கும் காலம் என்று எப்படித் தெரியும்? நாம் மரத்தைப் பார்த்து மாதத்தைச் சொன்னோம். இப்போது மரமே நம்மைப் பார்த்துக் கேட்கிற நிலை.

இனி நம் தேயிலைக் கொழுந்தை நிறுத்து வாங்கிப் போகும் லொறிக்காரன் கதை. மழையில் கொண்டுபோனால் "ஈரம்" என்று நிறையில் கழிப்பான், வெயிலில் கொண்டுபோனால் "முத்தல்" என்று கழிப்பான். ஒருநாள் கேட்டேன், "எந்த நாள்ல கொண்டுவந்தா கழிக்காம எடுப்பீங்க?" என்று. "அந்த நாள் முந்தி இருந்துச்சு சேர்" என்றான். அவன் கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் நான் படித்த படிப்பு முழுவதும் அந்த வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவனோடும் நான் பேசுவதில்லை.

ஊற்றைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் தாத்தா தோட்டத்தில் உழைத்துச் சேர்ந்த சேமலாபப் பணத்தில் வாங்கிய காணியைப் பிரித்தபோது ஊற்று இருந்த மேல்பக்கத்தை உன் பெரியப்பா எடுத்துக்கொண்டார். "உனக்குத்தான் அரசாங்கச் சம்பளம் இருக்கே" என்றார். ஒரு குழாய் மட்டும் விட்டார். நாம் வாளி சுமந்த அந்தப் பங்குனியில்தான் அந்தக் குழாயையும் அடைத்தார். நீ அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் வீட்டில் ரொட்டி சாப்பிடுவாய். நான் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. போன வருடம் உன் அம்மா வந்து சொன்னாள், மேலே ஊற்றுக் கண்ணில் தண்ணீர் இல்லையாம், உள்ளே பல்லி முட்டையிட்டிருக்கிறதாம். எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நாங்கள் எதற்காகப் பேசாமல் இருந்தோமோ அது இப்போது இல்லை. ஆனாலும் பேசவில்லை. பழகிவிட்டது. கல்யாணம் செய்யப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது இதுதான்: யாரோடாவது வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடிப்பதென்றால் வற்றாத எதற்காகவாவது பிடி. அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளையோடு மாலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிரு. உன் அம்மாவோடு நான் பேச வேண்டிய மாலைகளையெல்லாம் வாசலில் நின்று மேகத்தைப் பார்த்தே கழித்துவிட்டேன்.

இந்த வருடக் கதைக்கு வருகிறேன். காமனை எரித்தாயிற்று. ஆட இளந்தாரிகள் இல்லை. கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்தவர்களை வைத்து ஒப்பேற்றினார்கள். நான் இதை எழுதும் இன்றுவரை சாம்பல் பொட்டலில் அப்படியே கிடக்கிறது. பங்குனி பாதி போய்விட்டது. பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும்போது பந்து அதற்குள் போனால் அவுட் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். காற்று கொஞ்சம் கொஞ்சமாக அதை லயத்துக்குள் கொண்டுபோகிறது. வெள்ளைத் துணி காயப்போட முடியவில்லை என்று பெண்கள் முறையிட, உன் பெரியப்பா கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் காவல் இருக்கிறார். "யாரும் விளக்குமாறு தூக்கப்படாது!" என்கிறார். உன் அம்மா போய், "ரெண்டு வாளி தண்ணி ஊத்திவிட்டா என்னங்க மாமா, காமனுக்கு என்ன தெரியவா போகுது?" என்று கேட்டிருக்கிறாள். "ஊத்தும்மா. எங்க இருக்கு தண்ணி?" என்றாராம். அவள் வந்து சொல்லிச் சிரித்தாள். நான் ரயிலுக்குப் போகும்போது தினமும் அவரைக் கடந்து போகிறேன். அந்தக் கதிரையில் அவர் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தால், நான் வகுப்பில் பருவக்காற்றுப் படத்தைக் கரும்பலகையில் கீறிவிட்டு நிற்கிற மாதிரியே இருக்கிறது. பரீட்சைக்கு அந்தப் படம்தான் வரும், அதனால் அதைத்தான் கீறுகிறேன்.

ரயில் கம்பளையைத் தாண்டும்போது மகாவலியைப் பார்க்கிறேன். மணல்திட்டில் புல் முளைத்து மாடு மேய்கிறது. நேற்று அங்கேயே இறங்கினேன். பள்ளிக்கு அரைநாள் லீவு. எல்லாரும் நானா என்று கூப்பிடும் அந்த நாற்றுமேடைக்காரர் என்னைத் தூரத்திலேயே கண்டுவிட்டார். "வாங்க சேர், வாங்க! மகன் வாறாமே, கலியாணமாமே! மிச்சம் சந்தோசம். கண்டு ஈக்கி, நல்ல கண்டு, மகனுக்கெண்டே ஒதுக்கி வெச்சீக்கேன்" என்றார். நிழல்வலைக்குக் கீழே தேயிலைக் கன்றுகள் வரிசையாக நின்றன. பச்சையாக, பளபளவென்று, உன்னை ஏமாற்றுவதற்கென்றே வளர்த்தவை போல. பக்கத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. இது என்ன புதுவியாபாரம் என்று கேட்டேன். "இப்ப கண்ட விட பீப்பாதான் சேர் ஓடுற. கண்டு வாங்குறவன் ஒருக்கா வாங்கி அழுவான். பீப்பா வாங்குறவன் அழமாட்டான்" என்றார். "நானா, உங்க மகன் இந்தக் கண்டை வாங்கி நடப்போறேன்னு சொன்னா குடுப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் ஒரு கன்றின் பையிலிருந்து புல்லைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "அவன நான் கட்டாருக்கு அனுப்பிட்டேன் சேர்" என்றார்.

கன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன், தம்பி. ஒதுக்கியதை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன். உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை; இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவளுக்கும் தெரிந்திருக்கும், நீங்கள் இருவரும் சேர்ந்து என்மேல் கோபப்படலாம். காணியை விற்கலாமா என்று நீ கேட்பாய். வாங்குவதற்கு ஆள் இல்லை. இருந்தாலும், தெரிந்த மனிதனுக்கு அதை விற்க எனக்கு மனம் வராது. தெரியாத மனிதன் எவனாவது குளிருக்கு ஆசைப்பட்டு வந்தால் பார்க்கலாம். வா, கல்யாணத்தைச் செய்துகொள். நாவலப்பிட்டிக் கோயில் மண்டபத்தில் நல்ல கூரை இருக்கிறது, பந்தல் வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போ. அங்கே இருக்கும் சூடு, சூடு என்று சொல்லிக்கொண்டே வரும் சூடு. அதற்குச் சுவர் கட்டியிருக்கிறார்கள், இயந்திரம் வைத்திருக்கிறார்கள். இங்கே வந்திருப்பதை நாங்கள் இன்னும் மழை என்றுதான் கூப்பிடுகிறோம்.

நீ வந்து இறங்கும்போது பொட்டலில் சாம்பல் இல்லாமலும் இருக்கலாம். உன் பெரியப்பா பாதியிலேயே உன்னை மறித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "பாத்தியாடா, வந்து அள்ளிருச்சு! உங்கப்பனுக்குச் சொல்லு" என்பார். அவர் வயதானவர், தலையாட்டிவிடு. ஆனால் பொட்டலைப் பார்த்து முடிவெடுக்காதே. அங்கிருந்து நேரே பாலத்துக்கு நடந்து, அன்று நீ கன்று பொறுக்கிய அதே இடத்தில் நின்று, ஓடை தண்ணீர் நிறத்தில் ஓடுகிறதா, நம் மேல்மண்ணின் சிவப்பில் ஓடுகிறதா என்று பார். பார்த்த பிறகும் கன்று வேண்டும் என்று தோன்றினால் கம்பளைக்கு நீயே போய்க் கேள். நான் கூட வரமாட்டேன்.

அப்பா